முகம் தெரியும், பதிவேட்டில் பெயர் இல்லை

1977 சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்த தொகுதி அருப்புக்கோட்டை. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாக மேடையேறியவர் அவர். 1936-ல் சினிமாவுக்கு வந்து, கதாநாயகன் ஆவதற்கு 1947 வரை சின்னச் சின்ன வேடங்களில் காத்துக் கிடந்தார். பிறகு நடிகர் சங்கத் தலைவராகவும் இருந்தார். அப்படி ஒருவரைக் கோட்டைக்கு அனுப்பிய ஊர் இது. ஆக, துணை நடிகனின் வயிற்றுப்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்க இந்தத் தொகுதிக்குக் கூடுதல் உரிமை உண்டு. அந்த உரிமையை ஐம்பது வருடமாக நாம் பயன்படுத்தியதே இல்லை என்பதுதான் விஷயம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமி. வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய் நிறையும். பெய்யாவிட்டால் குண்டாற்றில் மணலும் கரையில் சீமைக்கருவேலமும்தான் மிச்சம். பருத்தி, மல்லி, மிளகாய், கம்பு என்று ஒரு போகம். டவுனில் தறி. இந்த இரண்டிலும் கை நனையாதவர்கள் லாரி ஏறுவார்கள், மூட்டம் போட்டுக் கரி எரிப்பார்கள், சிவகாசிப் பக்கம் போவார்கள். சில பேர் நடிக்கப் போவார்கள்.

நடிக்கப் போவது இங்கே ஒன்றும் அதிசயம் இல்லை. மாசி பிறந்தால் வைகாசி வரை ஊருக்கு ஊர் கோயில் பொங்கல்; பொங்கல் என்றால் ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போன வள்ளி திருமணம் அவர் மறைந்து நூறு வருடம் கடந்தும் இந்தப் பக்கம் ஓய்ந்தபாடில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் மூன்றாவது ஊர், ஆர்மோனியக்காரர் நான்காவது ஊர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தேதி வாங்கியிருப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் முகம் பார்ப்பார்கள், விடியும் வரை கதை ஓடும். அதில் முதலில் வந்து, பாய் விரித்துப் படுத்துவிட்ட கூட்டத்தை எழுப்பி உட்கார வைக்கிற வேலை பபூனுடையது. எதிராளி என்ன சொல்வான் என்று தெரியாமலே அதற்கு மறுபேச்சு தயாராக வைத்திருக்க வேண்டும். இந்தப் பயிற்சியை எந்த நடிப்புப் பள்ளியும் தராது என்பது என் அபிப்பிராயம். டிவி நகைச்சுவைத் தொடருக்கு வேண்டியதும் இதே சாமர்த்தியம்தான். இரண்டு வரி வசனம், அரை நிமிட வேடம், அதற்குள் சிரிப்பு வந்தாக வேண்டும்.

தமிழ் டிவியில் இந்த ஆட்களுக்கு ஒரு காலம் வந்தது. தூர்தர்ஷனில் எஸ்.வி.சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’, பிறகு நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’, சன் டிவியில் ‘சின்னப் பாப்பா பெரிய பாப்பா’, விஜய் டிவியில் ராம்பாலாவின் ‘லொள்ளு சபா’, அதையடுத்து ‘கலக்கப் போவது யாரு’, ‘அது இது எது’. இவற்றில் கதாநாயகன் என்று யாரும் பெரிதாகக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், வேலைக்காரர், கடன்காரர், ஆபீஸ் பியூன் என்று சுற்றி நிற்கிறவர்கள்தான் தொடரைத் தூக்கி நிறுத்தினார்கள். ‘சின்னப் பாப்பா பெரிய பாப்பா’வில் பட்டாபியாக வந்த எம்.எஸ்.பாஸ்கர் அப்படிச் சுற்றி நின்றவர்தான். குரல் கொடுக்கும் வேலையில் பல காலம் இருந்தவர். ‘பார்க்கிங்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது 2025-ல் அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, பட்டாபியை ஞாபகம் வைத்திருந்த வீடுகளில் சொந்தக்காரருக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷம். ‘லொள்ளு சபா’ சந்தானம் கதாநாயகன் ஆனார். ‘கலக்கப் போவது யாரு’ சிவகார்த்திகேயன் எங்கேயோ போய்விட்டார்.

இந்த மூன்று பேரையும் காட்டித்தான் ஊரில் பையன்கள் பஸ் ஏறுகிறார்கள். ஏறியவர்களில் மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு துணை நடிகனின் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ நாலைந்து பேர் சேர்ந்த ரூம். சம்பளம் நாள் கணக்கு. இந்த வாரம் இரண்டு நாள் கால்ஷீட், அடுத்த வாரம் ஒன்றும் இல்லை. இடையில் ஆள் பிடித்துக் கொடுக்கும் கோஆர்டினேட்டருக்கு ஒரு பங்கு. மிச்சம் கைக்கு வருவதும் சில மாதம் கழித்துத்தான். எழுத்தில் ஒப்பந்தம் என்பது பெரும்பாலான சின்ன நடிகர்கள் கண்ணால் பார்க்காத பொருள். கதையில் அந்தக் கதாபாத்திரத்தை ‘ஊருக்கு அனுப்பிவிட்டால்’ அன்றோடு வேலை முடிந்தது; நோட்டீஸ் கிடையாது, நஷ்ட ஈடு கிடையாது. வேலை இருக்கும் நாளிலோ காலை ஷிப்டு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. ‘எதிர்நீச்சல்’ தொடரில் தமிழகமே பேசிய வேடத்தைச் செய்த ஜி.மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு வந்து இறந்தார். அவரும் ஒரு வறண்ட மலையடிவாரத்தில், தேனி மாவட்டம் வருசநாட்டில் பிறந்தவர். அவ்வளவு பெயர் வாங்கியவருக்கே வேலை நடுவில் உயிர் போகிறதென்றால், பெயர் தெரியாதவர்களின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

மதுரை வடிவேல் பாலாஜி விஷயம் பலருக்கு மறந்திருக்கும். வடிவேலு மாதிரி வேஷம் கட்டி ‘அது இது எது’வில் அவர் அடித்த கூத்தைப் பார்த்துச் சிரிக்காத வீடு இந்தப் பக்கம் இல்லை. மாரடைப்பு வந்து சென்னையில் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். செலவு தாங்கவில்லை. அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். 2020 செப்டம்பர் 10 அன்று இறந்துபோனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சிவகார்த்திகேயன் ஏற்றுக்கொண்டார் என்று செய்தி வந்தது. நல்ல மனசு, மறுப்பதற்கில்லை. ஆனால் இருபது வருடம் ஒரு தொழிலில் இருந்தவனின் பிள்ளை படிப்பு, கூட நடித்த ஒருவரின் நல்ல மனசை நம்பி நிற்க வேண்டியதா?

‘லொள்ளு சபா’ சேஷு 2024 மார்ச் 26 அன்று இறந்தார். அதற்கு முன் அவருடைய சிகிச்சைச் செலவுக்காகச் சினிமா வட்டாரத்தில் உதவி கேட்டுச் செய்தி ஓடியது. ‘தென்மேற்குப் பருவக்காற்று’, ‘ரேணிகுண்டா’ படங்களில் வந்த தீப்பெட்டி கணேசன் ஊரடங்கில் வேலையில்லாமல் வீடியோவில் வந்து உதவி கேட்டவர். 2021 மார்ச்சில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறந்தார். போண்டா மணி சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோதும் இதே கதை. 2023 டிசம்பரில் அவரும் போய்விட்டார். வீடியோ போடுவது, அதை யாராவது பெரிய நடிகர் பார்ப்பது, ஒரு லட்சம் கொடுப்பது, அமைச்சர் வந்து பார்ப்பது, போட்டோ எடுப்பது. சின்ன நடிகனுக்கு இன்று நடைமுறையில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதுதான்.

அரசிடம் திட்டமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஒன்றல்ல, பல. சிக்கலே அங்கேதான்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் நல வாரியம் அமைத்தார்கள். நாடகக் கலைஞர் அதில் பதியலாம். அடையாள அட்டை, விபத்து உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, ஈமச்சடங்கு உதவி உண்டு. பதினைந்து வருடம் மேடையில் பபூன் கட்டிவிட்டுப் பத்து வருடம் டிவியில் நடித்தவன் அங்கே போனால் ‘நீங்க டிவி ஆர்டிஸ்ட் ஆச்சே’ என்ற பேச்சு வரும். திரைப்படத் துறையினருக்குத் தனி வாரியம் இருக்கிறது. அதன் வாசல் சென்னையில். அங்கே போனால் சங்க அட்டை எங்கே என்பார்கள். அந்த அட்டைக்குக் கட்டும் பணத்துக்குச் சம்பாதிக்கவே வேடம் வேண்டும். இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தருகிறது. அதற்கு 58 வயது ஆக வேண்டும். வடிவேல் பாலாஜிக்கு அந்த வயது வரவே இல்லை. மத்திய அரசின் 1981-ம் வருடத்துச் சினிமாத் தொழிலாளர் சட்டங்கள் சினிமாவை மனதில் வைத்து எழுதியவை. அப்போது டிவி தொடர் என்ற தொழிலே இங்கே கிடையாது.

ஆக, மேடைக்காரர்களின் பட்டியலில் அவன் டிவிக்காரன். சினிமாப் பட்டியலில் அவன் யாரோ. உள்ளூரில் கேட்டால் ‘அவரு மெட்ராஸ்ல செட்டிலானவரு’. பஸ் ஸ்டாண்டில் நின்றால் பத்துப் பேர் செல்பி எடுக்க வருவார்கள். அரசாங்கத்தின் எந்த ரிஜிஸ்டரிலும் ஒரு வரி இருக்காது.

இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே விருதுநகர் மாவட்டத்தில் நெசவாளிக்கு நல வாரியம் உண்டு. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளிக்கு உண்டு. கட்டடத் தொழிலாளிக்கு உண்டு. அவர்கள் பதிய வேண்டுமென்றால் மாவட்டத்திலேயே தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது, இணையத்திலும் பதியலாம். அந்த வாரியங்கள் சரியாக நடக்கின்றனவா என்பது தனிச் சண்டை, அதை வேறொரு நாள் போடலாம். ஆனால் ‘உன் பெயரை எழுதிக்கொள்கிறேன்’ என்று சொல்ல மாவட்டத்துக்குள் ஒரு மேஜை அவர்களுக்கு உண்டு. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடிக்கப் போனவனுக்கு அந்த மேஜை இல்லை. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்துக்கு வேறு மாவட்டம் போக வேண்டும். மற்றதற்கெல்லாம் வாரத்தில் சில நாள் மட்டும் வரும் சிலம்பு எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னை போக வேண்டும். டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவனால் இது முடியுமா?

விருதுநகர் மாவட்டத்தை 2018-ல் நிதி ஆயோக் ‘முன்னேற விழையும் மாவட்டம்’ என்று பட்டியலில் சேர்த்தது. ராமநாதபுரமும் விருதுநகரும்தான் தமிழகத்திலிருந்து அந்தப் பட்டியலில். கல்வி, சுகாதாரம், விவசாயம் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் மதிப்பெண் போடுகிறார்கள். கலைஞன் எங்கே வருகிறான்? மாவட்டக் கலை மன்றம் வருடத்துக்கு ஒருமுறை கலை இளமணி முதல் கலை முதுமணி வரை விருது கொடுக்கிறது. சால்வை நல்லதுதான், குளிருக்கு ஆகும்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. அதைப் பலர் அநியாயம் என்றே நினைப்பதில்லை. ‘லொள்ளு சபா’ முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் யூடியூபைத் திறந்தால் அது ஓடுகிறது. இருபத்துநான்கு மணி நேரச் சிரிப்புச் சேனல்கள் முழுக்கப் பழைய காட்சிகளை வைத்தே பிழைக்கின்றன. ஒவ்வொரு முறையும் விளம்பரக் காசு வருகிறது. அந்தக் காட்சியில் உதை வாங்கிக் கீழே விழுந்தவனுக்கு, அன்றைக்கு வாங்கிய ஒரு நாள் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் திருத்தம் செய்து 38ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நடிகன் எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால், தயாரிப்பாளர் அந்தப் படத்தைப் பயன்படுத்துவதை அவன் தடுக்க முடியாது. ஆனால் அந்த நடிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டிக்கு அவனுக்கு உரிமை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. பாடகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு 2013-ல் ‘இஸ்ரா’ என்று சங்கம் அமைத்து வசூலிக்கத் தொடங்கினார்கள். நடிகர்களுக்கு அப்படி ஒன்று இங்கே நடைமுறைக்கு வரவில்லை. அது மட்டுமில்லை, அதே சட்டத்தில் ஒரு கொக்கி இருக்கிறது: தற்செயலாக வந்துபோகிற வேடம் செய்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்கேயும் பெயர் போடாமல் விட்டவனை ‘நடிகன்’ என்றே இந்த உரிமைக்குக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. டைட்டிலில் பெயர் போடாமல் விடுவதும், கண் சிமிட்டுவதற்குள் ஓடி மறைகிற மாதிரி போடுவதும் இனி சின்ன விஷயம் இல்லை என்று துணை நடிகர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பெயர் இல்லையென்றால் காசு கேட்கும் உரிமையும் போச்சு.

அமெரிக்காவில் இந்தச் சண்டையை 1960-லேயே போட்டுவிட்டார்கள். நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து, படங்கள் டிவியில் ஓடினால் நடிகருக்குப் பங்கு, அதோடு ஓய்வூதியம், மருத்துவ உதவி என்று எழுதி வாங்கியது. அப்போது சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன். அவரும் பிற்பாடு நாட்டை ஆண்ட நடிகர்தான். எதற்காக அவரைத் திட்டினாலும் இந்த விஷயத்தில் திட்ட முடியாது. 2023-ல் ஓடிடி வந்து பழைய பங்கு சுருங்கியதும் மறுபடி 118 நாள் வேலையை நிறுத்தினார்கள். நம்மிடமும் நடிகர்கள் ஆண்டார்கள். துணை நடிகனுக்கு மறுஒளிபரப்புப் பங்கு வரவில்லை.

இப்போது ஒரு கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய சினிமாத் தொழிலாளர் சட்டத்துக்குப் பதிலாக வந்த இதில் ‘ஒலி-ஒளித் தொழிலாளர்’ என்று ஒரு பிரிவு. டிவி தொடரில் வேலை செய்கிறவர்களும் அதற்குள் வருகிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் அவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது சட்டம். இந்தத் தொகுப்புகளில் தொழிலாளிக்குப் பாதகமானவை நிறைய என்று தொழிற்சங்கங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இந்த ஒரு விதி நம் ஆளுக்குச் சாதகமானது. விதியை அமல்படுத்தும் பொறுப்பு மாநில அரசின் தொழிலாளர் துறைக்கும் உண்டு. சென்னையில் எத்தனை தொடர்களில் துணை நடிகர் கையில் ஒப்பந்தத்தின் நகல் இருக்கிறது என்று ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தால் போதும், மற்றது தானாக நடக்கும்.

‘ஊரே தண்ணிக்கு அலையுது, உனக்கு நடிகனைப் பத்திக் கவலையா?’ என்று ஒரு கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் கேட்பதில் பெரும்பகுதிக்கு ஒரு கண்மாய் தூர்வாரும் காசுகூடத் தேவையில்லை. வாரியங்கள் ஏற்கனவே இருக்கின்றன, நிதி ஏற்கனவே ஒதுக்கப்படுகிறது. ஆள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆளிடம் வாரியம் போக வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் நினைத்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகா அலுவலகங்களில் கலைஞர் பதிவு முகாம் நடத்த முடியும். ஜாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் முகாம் போடுகிற அதே ஹால், அதே மேஜை போதும். கலை பண்பாட்டுத் துறை, செய்தித் துறை, தொழிலாளர் துறை மூன்றிலிருந்தும் ஆளுக்கொருவர் உட்கார்ந்தால், நீ டிவியா, மேடையா, சினிமாவா என்ற பந்து விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். எந்தத் துறையில் பதிவது என்பது அதிகாரிகளின் தலைவலி. வந்தவன் அட்டையோடு வீட்டுக்குப் போக வேண்டும். சங்க அட்டை இல்லாதவரிடம் ஒளிபரப்பான காட்சி, விழாக் கமிட்டியின் நாடக நோட்டீஸ், கிராம நிர்வாக அலுவலர் சான்று இவற்றை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளலாம். நாடக நோட்டீஸை விட நல்ல சான்று எது? அதில் ஊர், தேதி, வேடம், பெயர் எல்லாம் அச்சில் இருக்கிறது.

அதே முகாமில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் எழுதிவிடலாம். ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்கு வழியிருக்கும் திட்டம் அது. வேலை தேடிச் சென்னைக்குப் போனவனின் ரேஷன் கார்டு ஊரில் இருக்கும், ஆள் அங்கே இருப்பான், அட்டை இரண்டு இடத்திலும் இருக்காது. விருதுநகரில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கையில் அட்டை இருந்தால் சீக்கு வந்தவன் வீடியோ போட வேண்டியதில்லை.

மாநில அரசு செய்ய வேண்டியதும் உண்டு. 58 வயது என்ற வரம்பு மேடையிலும் செட்டிலும் உடம்பை முறித்துக்கொள்ளும் தொழிலுக்குப் பொருந்தாது. தீராத நோயில் விழுந்தவருக்கு வயது பார்க்காமல் அந்த 3,000 ரூபாயைக் கொடுக்கலாம். சேனல்களிடமும் யூடியூபில் பழைய தொடரை ஓட்டும் கம்பெனிகளிடமும் மறுஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வாரியத்துக்குக் கட்டச் சொல்லி விதி செய்யலாம். கட்டடம் கட்டுகிறவரிடம் ஒரு சதவீதம் வசூலித்துக் கட்டடத் தொழிலாளர் நிதியில் சேர்க்கும் வழி ஏற்கனவே நாட்டில் இருக்கிறது. சிரிப்புக்கு மட்டும் ஏன் முடியாது?

நடிகர் சங்கங்களிடமும் ஒரு வார்த்தை. தேர்தலுக்குத் தேர்தல் சென்னையில் மட்டும் ஓட்டுக் கேட்காமல், மதுரையிலும் விருதுநகரிலும் வந்து உறுப்பினர் சேருங்கள். சேரும் கட்டணத்தைத் தவணையாக வாங்குங்கள். டைட்டிலில் பெயர் போடாத தொடர்மீது புகார் கொடுக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தனி நடிகன் கொடுத்தால் அடுத்த நாள் அவனுக்கு வேலை இருக்காது.

அருப்புக்கோட்டைத் தொகுதியிலும் திருச்சுழித் தொகுதியிலும் சட்டமன்ற உறுப்பினராக இருப்பவர்கள் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதைச் சட்டமன்றத்தில் ஒரு கேள்வியாகவாவது எழுப்ப வேண்டும். வாசகர்கள் தங்கள் ஊரில் மேடையிலோ டிவியிலோ நடித்து இப்போது வீட்டோடு இருக்கும் ஒருவரின் பெயர், வயது, நடித்த விவரம், உடல்நிலை இவற்றை அவர் சம்மதத்தோடு ஒரு மனுவாக எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாசியில் நாடகத் தேதிகள் தொடங்கிவிட்டால் கலைஞர்கள் ஊரில் தங்க மாட்டார்கள். பதிவு முகாமைத் தை மாதத்துக்குள் நடத்த வேண்டும்.